வாசகர் கேள்வி: காற்றில் வரும் நைட்ரஜன் சோலைக்கு உரமா?

கேள்வி: எங்கள் தேயிலைக்கு யூரியாவைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். காட்டில் காற்றிலிருந்தே நைட்ரஜன் படிகிறது என்கிறார்கள். பக்கத்துச் சோலைக்காட்டுக்கு அது இலவச உரம்தானே, அதனால் மண் கெடுவது எப்படி?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: காற்றில் 78 சதவீதமாக உள்ள நைட்ரஜன் வாயுவைப் பற்றியதல்ல இந்தப் பேச்சு. யூரியா, மாட்டுத் தொழுவம், கோழி எரு ஆகியவற்றிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளுமே மழையோடும் தூசியோடும் இறங்குகின்றன. காலையில் தொழுவத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் காரநெடி அந்த அம்மோனியாதான். மழைத்துளியைவிட மூடுபனியின் நுண்துளிகளில் இவை பெரும்பாலும் செறிவாகக் கரைந்திருக்கும். அந்தப் பனியை இலைகளாலும் கிளைகளாலும் வடித்தெடுப்பதால், அருகிலுள்ள புல்வெளியைவிடச் சோலைக்கே பங்கு கூடுதலாகச் சேருகிறது.

தொடக்கத்தில் அது உரமாகவே பயன்படக்கூடும். மரங்களும் நுண்ணுயிரிகளும் எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிய பிறகுதான் தொல்லை. மிஞ்சிய அம்மோனியத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. களிமண் அவ்வளவாகப் பிடித்துவைக்காத அந்த நைட்ரேட் மழைநீரோடு கீழே இறங்கும்போது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. அவை போன இடத்தில், அதுவரை மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்குகிறது. இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்ட நீலகிரி மண்ணுக்கு இது மேலும் ஒரு சுமை.

உங்கள் தோட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் தொடர்ந்து போட்ட மண்ணுக்கு டோலமைட் என்னும் சுண்ணாம்பு வகைக் கல்தூளைப் போடச் சொல்வது, புளிப்பைத் தணிக்கவும், போன கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் திரும்பக் கொடுக்கவும்தான். சோலைக்கு டோலமைட் போட ஆளில்லை. போடுவதும் சரியன்று என்பதே என் கருத்து. அந்த அமில மண்ணுக்குப் பழகிய செடிகள் அங்கே உண்டு.

புல்வெளிக்கும் பாதிப்பு உண்டு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1856-ஆம் ஆண்டு தொடங்கி இன்றும் நடக்கும் சோதனையில், ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் இட்டு, சுண்ணாம்பு இடாமல் விட்ட பாத்திகளில் மண் கடுமையாகப் புளித்து, விரல்விட்டு எண்ணத்தக்க தாவர வகைகளே எஞ்சின.

கேள்வி: கண்ணால் பார்த்து அறிய வழி உண்டா?
— அதே வாசகி

பதில்: மரப்பட்டையைப் பாருங்கள். நாம் சமையலில் சேர்க்கும் கல்பாசியின் இனமான லைக்கன்கள் வேரில்லாமல் மழையிலும் காற்றிலும் வருவதையே உண்பதால், அம்மோனியா மிகும்போது தாடிபோலத் தொங்குபவற்றில் பல முதலில் மறைகின்றன. ஆனால் சீகை (வாட்டில்) மரங்கள் அருகில் இருந்தால், மண்ணில் கூடும் நைட்ரஜன் அனைத்தையும் காற்றின் கணக்கில் எழுத வேண்டாம். அவற்றின் வேர்முடிச்சுகளும் நைட்ரஜனைச் சேர்க்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யூரியாவைப் பல தவணையாகப் பிரித்து, மேலாகத் தூவி விட்டுவிடாமல் மண்ணோடு சேரும்படி இடுங்கள். ஆவியாகிச் சோலைக்குப் போகும் பங்கு செடிக்கே கிடைக்கும்.