போக்குவரத்துப் பொறியியலில் பேராசிரியராக…

கேள்வி: சிவில் பி.இ. முடித்திருக்கிறேன். போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியராக விரும்புகிறேன். நெட் (NET) தகுதித் தேர்வு எழுத வேண்டுமா? ஆய்வுக்கு எப்படித் தயாராவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நெட் தேவையில்லை. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஒன்றிலாவது முதல் வகுப்பு இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்கு பிஎச்.டி. கட்டாயம். முதலில் எம்.இ. சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வை எழுதுங்கள்; அந்த மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் இதற்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு.

ஆய்வில் பலர் சறுக்குவது கணக்கில் அல்ல, களத்தில்தான். சாலையில் ஓடும் வண்டிகளைப் படம்பிடிக்கும் கேமராவைத் தாழ்வாக வைத்தால் பஸ்ஸுக்குப் பின்னால் வரும் பைக்குகள் மறைந்துவிடும். மூன்றாவது மாடி உயரமாவது தேடுங்கள். சிக்னல் விளக்கும் படத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் பச்சை எப்போது விழுந்தது என்றே தெரியாது, பதிவு முழுக்க வீண்.

வண்டிகளின் வேகம் அளக்கச் சாலையில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 2 விநாடி. நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்) பதிவில் ஒரு ஃப்ரேம் தவறினால் 2 சதவீதப் பிழை. 10 மீட்டர் என்றால் அதுவே 6 சதவீதம்!

எல்லா வண்டிகளும் தடம் பிரியாமல் கலந்து ஓடும் நம் சாலைகளுக்கு வெளிநாட்டுச் சூத்திரங்கள் அப்படியே பொருந்துவதில்லை. உங்கள் ஆய்வுத் தலைப்பை இந்தப் பொருந்தாமையில் தேடுங்கள். ஒரு சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிட உதவும் இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டை (Indo-HCM) இப்போதே படிக்கத் தொடங்கலாம்.