எந்தப் புத்தகம் வாங்கலாம்? அனிமேஷன், கிராஃபிக்ஸ் கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புத்தகம் பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அனிமேஷன் கற்க ஒரு நல்ல புத்தகம் சொல்லவும். அவசரம்.

ஊருக்குப் போகணும், பஸ் நம்பர் சொல்லுங்க என்றால் எந்த ஊர் என்று கேட்கமாட்டேனா? பாத்திரங்களை நடக்க வைக்க ஆசை என்றால் ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'. திரையில் ஒளியும் நிழலும் விழுவதற்கு நிரல் எழுத ஆசை என்றால் பீட்டர் ஷர்லியின் 'ரே டிரேசிங் இன் ஒன் வீக்கெண்ட்', இணையத்தில் இலவசம். அடுத்த முறை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

கேள்வி: 'சர்வைவல் கிட்' 2001 பதிப்பு பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 2009-இல் விரிவான பதிப்பு வந்துவிட்டதே, எதை வாங்க?

பழையதை வாங்குங்கள். புதியதில் நாற்பது பக்கம்போலத்தான் கூடுதல். நடையின் இலக்கணம் இரண்டிலும் ஒன்றே. வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 12 படம். இந்தக் கணக்கு விரலுக்கு வர வேண்டும். வாசித்து முடித்தேன் என்று எழுதாதீர்கள். பென்சிலை எடுத்து ஒரு நடையை வரைந்தேன் என்று எழுதுங்கள்.

கேள்வி: நடைபாதைக் கடையில் 400 ரூபாய்க்கு பிளெண்டர் (இலவச முப்பரிமாண மென்பொருள்) புத்தகம் வாங்கினேன். அதில் சொன்னபடி செய்தால் எதுவுமே தேர்வாகவில்லை. கம்ப்யூட்டர் கோளாறா?

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. புத்தகம் எந்த ஆண்டினது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தித் தேர்வு செய்யச் சொல்கிறதா? அப்படியானால் அது 2019 ஜூலைக்கு முந்தையது. அந்த மாதம் வந்த பிளெண்டர் 2.80 பதிப்பில், நாமாக மாற்றாதவரை, தேர்வு இடது பொத்தானுக்குப் போய்விட்டது. காட்சியில் உள்ள பொருள்களைப் பிரித்து வைக்க இருந்த லேயர் போய் கலெக்‌ஷன் வந்தது. காட்சியைப் படமாக்கித் தரும் பழைய ரெண்டர் எஞ்சினையே தூக்கிவிட்டு ஈவீ என்ற புதியதைக் கொண்டுவந்தார்கள். உங்கள் புத்தகத்தில் பாதி அன்றைக்கே காலாவதி.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு முப்பரிமாண மென்பொருளுக்கான தலையணை சைஸ் புத்தகத்தைச் சம்பளத்தில் கால்வாசி கொடுத்து வாங்கினேன், பின்னட்டையில் சிடி வேறு. முக்கால்வாசி முடிப்பதற்குள் ஸ்டுடியோவில் அடுத்த வெர்ஷன் ஏற்றிவிட்டார்கள். மெனுக்கள் இடம் மாறியிருந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான், அதுவும் போயிற்று. ஒரு பந்து தரையில் விழுந்தால் ஏன் நசுங்க வேண்டும் என்பதை அந்த எழுநூறு சொச்சம் பக்கத்தில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அதைச் சொன்ன புத்தகம் 1981-லேயே வந்துவிட்டது: டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்'. அதிலுள்ள பன்னிரண்டு கோட்பாடுகள் கையால் வரைகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. 1987-இல் பிக்ஸாரின் ஜான் லாசெட்டர் அவை கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். எத்தனையோ மென்பொருள் வந்து போய்விட்டன. இணையத்தில் அனிமேஷனை ஓட்டிக்காட்டிய ஃபிளாஷ் பிளேயர் 2020 கடைசியில் நின்றேபோனது. அந்தப் பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே கடையில் நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டுங்கள். எட்டில் மெனுவின் படம் இருந்தால் கீழே வையுங்கள். பட்டன் விவரம் பிளெண்டரின் சொந்தக் கையேட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும். அப்புறம், பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதுவது!

கேள்வி: கல்லூரி லேபில் ஓப்பன்ஜிஎல் (திரையில் படம் வரைவதற்கான நிரல் இடைமுகம்) நிரல் 'ஜிஎல் பிகின்', 'ஜிஎல் எண்ட்' என்றுதான் எழுதுகிறோம். வேலைக்கு இது போதுமா?

பரீட்சைக்குப் போதும், வேலைக்குப் போதாது. இந்தப் பழைய முறையைக் கைவிடப்போவதாக 2008-இல் அறிவித்து, அடுத்த ஆண்டே அதை ஓப்பன்ஜிஎல்லின் மையப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஷேடரில், அதாவது கிராஃபிக்ஸ் சிப்பிலேயே ஓடும் சிறு நிரலில், தொடங்கும் புத்தகமாகத் தேடுங்கள். பாடத்திட்டத்தில் உள்ள ஹெர்ன்-பேக்கர் பாடநூலைத் தூக்கிப் போட வேண்டாம்; 1965-இல் வெளிவந்த பிரெசன்ஹாமின் கோடு வரையும் முறையை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் பதிப்பு ஆண்டு...

கேள்வி: கிராஃபிக்ஸ் நிரலுக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்? தனியாகப் புத்தகம் வாங்க வேண்டுமா?

முதலில் வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூலில் அணிகளும் வெக்டரும் இருக்கின்றன; தமிழிலேயே இறக்கிக்கொள்ளலாம். புள்ளிப் பெருக்கல் எதற்கு என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். ஒரு பரப்பின் மீது ஒளி எவ்வளவு சாய்வாக விழுகிறது என்று கணக்கிட அதுதான் வேண்டும். சுழற்சியைக் கணக்கிட உதவும் குவாட்டர்னியன் பக்கம் ஆறு மாதம் கழித்துப் போகலாம்.

கேள்வி: 'ரியல்-டைம் ரெண்டரிங்' நான்காம் பதிப்பைத் தினமும் படிக்கிறேன். 90-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

பஞ்சாங்கத்தை யாராவது முதல் பக்கத்திலிருந்து படிப்பார்களா? 1,200 பக்கம் அது. நிழல் சரியாக விழாத அன்றைக்கு நிழல் அத்தியாயத்தைத் திறங்கள்.

கேள்வி: என்னிடம் 200 பிடிஎஃப் இருக்கின்றன. எதில் தொடங்க?

எதில் வேண்டுமானாலும். மற்ற 199-ஐ அழித்துவிடுங்கள். அதில் திருட்டுப் பிரதி எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் 'ஃபிசிக்கலி பேஸ்டு ரெண்டரிங்' போன்ற பெரிய புத்தகத்தையே அதை எழுதியவர்கள் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் திருடுவானேன்?

கேள்வி: மகளுக்கு 9 வயது. நன்றாக வரைகிறாள். அனிமேஷன் புத்தகமும் லேப்டாப்பும் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். எண்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் கொடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் பந்து ஒன்றை வரையட்டும். அதற்கு முந்தைய பக்கத்தில், கீழே மங்கலாகத் தெரிகிற பந்தைப் பார்த்துச் சற்றுத் தள்ளி அடுத்ததை வரையட்டும். அப்படியே பின்னிருந்து முன்னாக இருபது பக்கம் போனதும் கட்டைவிரலால் விரைவாகப் புரட்டச் சொல்லுங்கள். நோட்டு தீர்ந்ததும் இன்னொன்று கேட்டாளென்றால் எனக்கு எழுதுங்கள்.