மேப்பிள் பாணி (சிரப்) காய்ச்சுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, கனடாவில், ஒன்ராறியோவில் எங்கட வளவில் நாலு சுகர் மேப்பிள் மரம் நிற்குது. பாணிக்குச் சாறெடுக்க எப்ப துளை போடலாம்?

பதில்: திகதியை விடுங்கள், வெப்பமானியைப் பாருங்கள். இரவில் 0 பாகைக்குக் கீழே உறைந்து, பகலில் 4, 5 பாகைக்கு ஏறத் தொடங்கினால் சாறு ஓடும். தென் ஒன்ராறியோவில் அது பெரும்பாலும் பெப்ரவரி கடைசி, மார்ச். உறையும்போது மரம் நீரை உறிஞ்சுகிறது. உருகும்போது உள்ளழுத்தம் ஏறி, துளை வழியாகத் தள்ளுகிறது. இரவும் சூடாக இருந்தால் வாளி வெறுமையாகத்தான் கிடக்கும்.

நெஞ்சுயரத்தில் 30 செ.மீ. விட்டம் இல்லாத மரத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். 8 மி.மீ. ட்ரில், 4 செ.மீ. ஆழம், சாறு வெளியே வடிய உள்பக்கம் சற்று மேல்நோக்கிய சாய்வு. தூள் வெளிறியதாக வரவேண்டும். கபில நிறத் தூள் வந்தால் அது செத்த பகுதி. சாறு வடியும் குழாயைத் துளையில் செருகிச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். 'டிக் டிக்' சத்தம் 'தொம்' என்று மாறிய இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் மரம் வெடித்து, சாறு பட்டை வழியே ஒழுகிப்போகும்.

கேள்வி: பனையில் கருப்பணி இறக்க முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவமே, இதுக்கும் வேணுமா?

பதில்: வேண்டாம். புளிக்காமல் காக்கும் அந்த வேலையை இங்கே குளிர் செய்கிறது. ஆனாலும் சாற்றைப் பால் போலப் பாருங்கள்: 4 பாகைக்குக் கீழே வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சிவிடுங்கள். கலங்கிய சாற்றில் நுண்ணுயிர் பெருகியிருக்கும். பாணி நூலாக இழுபடலாம்.

கேள்வி: 20 லீட்டர் சாறு இருக்கு. குசினி அடுப்பில் வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 2 சதவீதச் சர்க்கரை உள்ள சாறு 40 லீட்டருக்கு 1 லீட்டர் பாணி. உங்களுக்குக் கிடைப்பது அரை லீட்டர், மிச்சம் 19½ லீட்டரும் ஆவியாகிச் சுவரில் படியும். வெளியே, அகன்ற சில்வர் தட்டத்தில், நன்றாகக் காய்ந்த விறகில் காய்ச்சுங்கள். சாறு 4 செ.மீ.க்குக் குறைந்தால் கருகும். பொங்கினால் ஒரு துளி பட்டர் போதும்.

கடைசிக் கட்டத்தை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். காற்றழுத்தத்தோடு கொதிநிலை மாறும் என்பதால், அன்றைக்குத் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். அதைவிட 4 பாகை கூடியதும் இறக்குங்கள். முந்தி இறக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், பிந்தினால் போத்தல் அடியில் கற்கண்டு கட்டும்.

கேள்வி: அடியில் மணல் மாதிரி நிற்குதே?

பதில்: மரத்திலிருந்தே வரும் கல்சியம் மலேட். கெடுதியில்லை, நறநறக்கும். சூட்டோடு கம்பளி வடியில் வடியுங்கள்; ஆறினால் இறங்காது. வடித்ததை மறுபடி கொதிக்கவிட்டால் புதிதாக மணல் கட்டும். 85 பாகையில் போத்தலில் ஊற்றி, மூடியிலும் சூடு பட ஒரு நிமிடம் சரித்து வையுங்கள்.

கேள்வி: எப்ப நிறுத்துறது?

பதில்: மரத்தின் மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும். அதற்குப் பிறகு வரும் சாற்றின் கெட்ட சுவை எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. குழாய்களைக் கழற்றுங்கள்; துளையை அடைக்காதீர்கள், மரம் தானே மூடும். அடுத்த ஆண்டு பழைய துளைக்கு நேர் மேலும் கீழும் போடாமல், பக்கவாட்டில் 15 செ.மீ.யாவது தள்ளிப் போடுங்கள்.