ஆபீஸ் சர்வேயில் உள்ளதை எழுதலாமா?

கேள்வி: 'நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது' என்று சொல்லி ஆபீஸில் ஊழியர் திருப்தி சர்வே அனுப்பியிருக்கிறார்கள். நம்பி எழுதலாமா?

மதிப்பெண்ணை உள்ளபடி போடுங்கள். கருத்துப் பெட்டியில் மட்டும் பார்த்து எழுதுங்கள்.

பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் இருந்தபோது நானும் அதை நம்பினேன். டீமில் ஏழு பேர். தினமும் இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க கிளையன்டோடு ஒரு ஃபோன் கால், எப்போதும் என் தலையில்தான். "கால் முடிந்து சாப்பிட உட்காரும்போது பையன் தூங்கிப்போயிருக்கிறான். ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்து எடுக்கலாமே" என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து டீம் மீட்டிங்கில் மேனேஜர் போட்ட ஸ்லைடில் அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன. பெயர் இல்லைதான். ஆனால் அந்த ஏழு பேரில் பிள்ளை இருப்பது எனக்கு மட்டும். பக்கத்தில் இருந்த ஓசூர்ப் பையன், "அண்ணா, இது நீங்கதானே?" என்று காதோடு கேட்டான். மேனேஜர் கோபப்படவில்லை. ஒன்றுமே சொல்லாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அந்த இரவு ஃபோன் காலும் என்னிடமே இருந்தது. எனக்கு வலித்தது அதுதான். அடுத்த வருடம் எல்லாவற்றுக்கும் 4 போட்டு இரண்டே நிமிடத்தில் முடித்தேன்.

பெயரே வாங்காமல் இருப்பது வேறு, வாங்கிய பெயரை வெளியே சொல்லாமல் வைப்பது வேறு. உங்களுக்கென்று தனி லிங்க் வந்திருந்தால் பெரும்பாலும் அது இரண்டாவது வகை. எந்தத் துறை, எத்தனை வருட சர்வீஸ் என்ற விவரம் அதோடு சேர்ந்திருக்கும். ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் வந்த குழுவின் முடிவைப் பல இடங்களில் தனியாகக் காட்டமாட்டார்கள். உங்கள் ஆபீஸில் அது எத்தனை பேர் என்று ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள். அந்தக் காவல் மார்க்குக்கு உதவும். எழுதிய வரியோ ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. 'இங்கே வேலைக்குச் சேரும்படி நண்பரிடம் சொல்வீர்களா?' என்று 0 முதல் 10 வரை கேட்பார்கள். 9, 10 போட்டால் ஆதரவு. 7, 8 எந்தப் பக்கமும் சேராது. 0 முதல் 6 வரை எல்லாமே எதிர்ப்புக் கணக்கு. நமக்கு 60 மார்க் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ். 'பரவாயில்லை' என்று நினைத்து 6 போட்டால், 0 போட்டவரோடு சேர்த்துவிடுவார்கள். தெரிந்து போடுங்கள்.

அப்புறம், போன சர்வேயால் என்ன மாறியது என்று மேனேஜரிடமே கேளுங்கள். என் இப்போதைய மேனேஜர் முடிவு வந்ததும், "இதில் ஒன்றை இந்த மாதமே சரி செய்கிறேன்" என்றார். வெள்ளிக்கிழமை மாலை ரிவ்யூவைப் புதன் காலைக்கு மாற்றினார். மடிவாளாவில் ஊருக்குப் பஸ் பிடிக்கும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அடுத்து வந்த சர்வேயில், பல வருடம் கழித்து, கருத்துப் பெட்டியில் நான்கு வரி எழுதினேன்.