ஊசி குத்திக்கொள்ளலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. நான்கு மாதங்களுக்கு முன் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு இடது கை, கால் விழுந்துவிட்டன. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஆனால் தோள்வலியால் இரவெல்லாம் தூக்கமில்லை. உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தி அக்குபங்சர் சிகிச்சை செய்பவர் ஒருவர், "எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு வாருங்கள், குணமாக்குகிறேன்" என்கிறார். போகலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அவரிடம் போக வேண்டாம், சகோதரி. அக்குபங்சரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் வேண்டாம் என்கிறேன். அப்பா சாப்பிடும் ஆஸ்பிரின், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் வந்த பக்கவாதத்துக்கானவை அல்ல, அடுத்தது வராமல் இருப்பதற்கானவை. நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கலாம். அந்தத் தெம்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பக்கவாதத்துக்குப் பிந்தைய அக்குபங்சர் பற்றிய 31 ஆய்வுகளை 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. சில பலன்கள் தெரிந்தாலும் ஆய்வுகளின் தரம் போதவில்லை என்றது. ஆகவே வலி குறைகிறதா என்று சில வாரங்கள் பார்க்கலாம். செயலிழந்த கையை ஊசி எழுப்பிவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

முதலில் தோளைக் கவனியுங்கள். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது எங்கே பிடிக்கிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் இடது கையைப் பிடித்து இழுப்பார்கள், அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். தசை தளர்ந்த தோளில் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். தோள்முனைக்குக் கீழே ஒரு விரல் பதியும் அளவு பள்ளம் தெரியும். அதில் நாமும் இழுத்தால்? இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள். பிசியோதெரபியை ஒருநாளும் விடாதீர்கள்.

அதன் பிறகும் ஊசி வேண்டுமென்றால், நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை அக்குபங்சர் செய்பவரிடமும் சொல்லுங்கள். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால், ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் முறை கூடாது. உணர்ச்சி குறைந்த பக்கத்தில் சூடு வைக்க விடாதீர்கள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

இன்னொன்று. வாதம் வந்தவுடன் பத்து விரல் நுனிகளிலும் குத்தி ரத்தம் வரவழைத்தால் பிழைத்துக்கொள்வார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சுத்தப் பொய். மீண்டும் வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஊசியைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.