பஃபலோவுக்கு வருகிற தம்பிக்கு: பேட்ரியாட்ஸ் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஜனவரியில் பஃபலோவில் வேலைக்குச் சேருகிறீர்கள். குளிர் எப்படி, என்ன கோட் வாங்குவது, வாடகை எவ்வளவு, கார் உடனே தேவையா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். புது டீமில் அறிமுகத்துக்காக எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமாம்: "நடக்காமல் போன சூப்பர் பௌல்களில் எதைப் பார்க்க ஆசை?" உங்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் சுத்தமாகத் தெரியாது, பேட்ரியாட்ஸ் என்ற பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது, அதனால் பேட்ரியாட்ஸோடு இன்னொரு அணியைச் சேர்த்து எழுதி ஒப்பேற்றிவிடலாமா என்கிறீர்கள்.

கோட் இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தி.நகர் ஜெர்கின் எதற்கும் ஆகாது. வாடகை நிலவரம் எனக்குத் தெரியாது, வீடு வாங்கிப் பல வருஷம் ஆகிறது. கார் வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், அதில் நீங்கள் முதல் நாளே மாட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

பஃபலோ ஆட்களிடம் பேட்ரியாட்ஸ் பெயரை ஆசையாகச் சொல்வது எழவு வீட்டில் போய் மொய் நோட்டு எங்கே என்று கேட்பது மாதிரி. இந்த ஊர் அணி பில்ஸ். பேட்ரியாட்ஸில் டாம் பிரேடி என்ற நட்சத்திர ஆட்டக்காரர் இருந்த காலத்தில் பில்ஸுக்கு எதிராக அவர் ஜெயித்தது 32, தோற்றது 3. வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே காலத்தில் நம்மாட்கள் சிலர், ஜெயிக்கிற பக்கம்தானே சௌகரியம் என்று பேட்ரியாட்ஸ் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆம்ஹெர்ஸ்ட்டில் திரிந்தார்கள். அப்புறம் கான்சாஸ் சிட்டி அணி ஜெயிக்க ஆரம்பித்ததும் அவர்களே அந்தச் சட்டையில் வருகிறார்கள். கேட்டால், "எனக்கு நல்ல விளையாட்டுதான் பிடிக்கும், ஊர் பார்க்க மாட்டேன்" என்பார்கள். அவர்களை அக்கம்பக்கத்தில் யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, அதற்கு நிறவெறிதான் காரணம் என்று பாட்லக்கில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நிறவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை, எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் இது அது இல்லை.

சரி, நீங்கள் என்ன எழுத வேண்டும் என்றால், பில்ஸ் எதிர் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் (49ers), 1991 ஜனவரி. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும், அதனால் முழுசாகப் படியுங்கள்.

இந்த விளையாட்டில் அணிகள் இரண்டு பிரிவாக இருக்கும், ஒவ்வொரு பிரிவிலும் ஜெயித்து வருகிற அணிகள் கடைசியில் மோதுவதுதான் சூப்பர் பௌல். 1991 ஜனவரி 20, ஞாயிறு. பில்ஸ் தன் பிரிவின் இறுதி ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், ரைடர்ஸை 51-3 என்று துவைத்து எடுத்தது. பாதி ஆட்டத்திலேயே 41-3. அன்றைக்கே சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு பிரிவின் இறுதி, நைனர்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும். நைனர்ஸ் அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் சாம்பியன், அந்த சீசனில் 14 வெற்றி 2 தோல்வி, ஜோ மொன்டானா, ஜெர்ரி ரைஸ் என்று பெயரைக் கேட்டாலே பயப்படுகிற அணி. அதற்கு முந்தைய வருஷ சூப்பர் பௌலில் டென்வரை 55-10 என்று அடித்திருந்தார்கள். ஜயன்ட்ஸ் அப்படி இல்லை. அவர்களுடைய முதல் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஃபில் சிம்ஸ், டிசம்பரில் இதே பில்ஸோடு ஆடிய ஆட்டத்தில்தான் காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார், அந்த ஆட்டத்தையும் பில்ஸ்தான் 17-13 என்று ஜெயித்தது. அவருக்குப் பதிலாக ஆடியவர் ஜெஃப் ஹாஸ்டெட்லர், அதுவரை பெஞ்சில் இருந்தவர். இப்போது சொல்லுங்கள், பஃபலோக்காரன் அன்று சாயங்காலம் யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டியிருப்பான்?

எனக்கு இதைச் சொன்னவர் என் முதல் வீட்டுக்காரர். நான் வந்தது 2000 ஜனவரி, படிக்க. ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்று மெயிலில் சத்தியம் செய்த நம்மூர் சீனியர் ஒருவர் வரவேயில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அடுத்த வாரம் கேம்பஸில் பார்த்தபோது "அன்னைக்கு ஸ்நோ ஜாஸ்திப்பா" என்றார், அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. இதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அப்புறம் வாடகைக்குப் பேசியிருந்த வீட்டுக்காரருக்கே பேஃபோனிலிருந்து கூப்பிட்டேன். அவர் பிக்கப் டிரக்கில் வந்து, என் இரண்டு சூட்கேஸையும் பின்னால் பனிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, என் காலிலிருந்த பாட்டா ஷூவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மெயின் ஸ்ட்ரீட் சவுத் கேம்பஸ் பக்கம், மரத்தால் கட்டின இரண்டு அடுக்கு வீடு, கீழே அவர், மேலே நாங்கள் நாலு பேர். ஹீட்டரின் திருகு கீழ்த்தளத்தில் இருந்தது. அவர் கஞ்சன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை, ஜனவரி 8, கீழே வந்து ஆட்டம் பாரு என்று கூப்பிட்டார். டென்னசியோடு ப்ளேஆஃப், தோற்றால் வெளியே என்கிற கடைசிக்கட்டச் சுற்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அங்கே சூடாக இருந்தது. முடிய 16 செகண்ட் இருக்கும்போது பில்ஸ் 16-15 என்று முந்தியது. அறையில் இருந்தவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கிக்கில் டென்னசிக்காரர் ஒருவர் பந்தைப் பிடித்து இன்னொருவரிடம் கொடுக்க, அவர் மைதானத்தின் குறுக்கே எதிர்ப்பக்கம் எறிய, அங்கே நின்ற கெவின் டைசன் 75 யார்டு ஓடிப் போய் பில்ஸின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார், அதுதான் டச் டவுன். 22-16. எறிந்தது முன்பக்கமாகப் போனதா (போனால் செல்லாது) பக்கவாட்டில் போனதா என்று நடுவர்கள் பார்த்துப் பார்த்து, சரிதான் என்றுவிட்டார்கள். அது முன்பக்கம்தான் என்று இந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள், நீங்களும் தலையாட்டிவிடுங்கள். அதற்கப்புறம் பில்ஸ் 17 சீசன் ப்ளேஆஃப் பக்கமே போகவில்லை.

அன்று ராத்திரி அவர் டிவியை அணைத்துவிட்டு, இதைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று 1991 கதையை ஆரம்பித்தார். நைனர்ஸ் 13-12 என்று முன்னிலை, மூன்று நிமிஷம்கூட இல்லை, பந்து அவர்கள் கையில். ரோஜர் கிரெய்க் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடி நேரத்தைக் கரைத்தால் போதும். ஜயன்ட்ஸின் எரிக் ஹவர்ட் மோதியதில் பந்து கழன்றது, லாரன்ஸ் டெய்லர் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டார். கடைசி நொடியில் ஜயன்ட்ஸின் மாட் பார் 42 யார்டிலிருந்து உதைத்தார், 15-13. அந்த ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கிற பீல்டு கோல் ஐந்து, ஒன்றுக்கு மூன்று புள்ளி, அதிலேயே ஜெயித்தார்கள். கிரெய்க் கையிலிருந்து பந்து கழன்றபோது பஃபலோ பாரில் நின்றுகொண்டு நான் கைதட்டினேன், ஊரே கைதட்டியது என்றார் வீட்டுக்காரர். பெரிய எதிரி தொலைந்தான் என்று.

ஒரே வாரம் கழித்து, ஜனவரி 27, ஃப்ளோரிடாவின் டாம்பாவில் சூப்பர் பௌல். ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்துக்குத் திட்டம் போட்டவர் பில் பெலிசெக், ஆமாம், பின்னால் பேட்ரியாட்ஸில் இருபது வருஷம் பில்ஸின் உயிரை எடுத்தாரே அவர்தான். அந்தத் திட்டம் இன்றைக்கு ஓஹாயோவில் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது. பில்ஸின் பலம் வேகம், அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி கூட்டம் கூடிப் பேசாமலேயே அடுத்தடுத்து ஆடவைப்பார், எதிரணி மூச்சு வாங்கக்கூட நேரம் இருக்காது. பெலிசெக் என்ன செய்தார், பந்தோடு ஓடுகிற பில்ஸின் தர்மன் தாமஸ் ஓடினால் ஓடட்டும், பந்தை எறிய மட்டும் விடாதே என்றார். தாமஸ் 135 யார்டு ஓடினார். ஜயன்ட்ஸோ மெதுவாக, உருட்டி உருட்டி, 60 நிமிஷ ஆட்டத்தில் 40 நிமிஷத்துக்கு மேல் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது கால் பகுதியில் பந்தை விடாமல் ஒரே மூச்சாக நகர்த்தியது மட்டும் ஒன்பதரை நிமிஷம். அதற்கு முன்னால் பில்ஸின் ப்ரூஸ் ஸ்மித், ஜயன்ட்ஸின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண்ட் ஸோனில் ஹாஸ்டெட்லரின் மணிக்கட்டைப் பிடித்தேவிட்டார், அந்த மனுஷன் பந்தை மட்டும் விடவில்லை, இரண்டு புள்ளிதான் கிடைத்தது. அங்கே பந்து விழுந்து பில்ஸ் எடுத்திருந்தால் டச் டவுன். கடைசியில் ஜயன்ட்ஸ் 20-19 என்று முன்னிலை, எட்டு செகண்ட் மிச்சம், பில்ஸின் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்த பந்து வலதுபக்கம் விலகிப் போனது.

அதோடு நிற்கவில்லை, அடுத்த மூன்று வருஷமும் சூப்பர் பௌல் போய் மூன்றிலும் தோற்றார்கள். நாலு வருஷம் தொடர்ந்து. வேறு எந்த அணியும் அப்படித் தொடர்ந்து போனதும் இல்லை, தோற்றதும் இல்லை.

இப்போது கற்பனைக்கு வாருங்கள். கிரெய்க் பந்தை விடவில்லை, நைனர்ஸ் டாம்பா வருகிறது. வெளியூர்க்காரர்கள் உடனே நைனர்ஸ்தான் என்பார்கள், மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியன் ஆகியிருப்பார்கள் என்று. (இன்றுவரை யாரும் தொடர்ந்து மூன்று சூப்பர் பௌல் ஜெயிக்கவில்லை, 2025-இல் கான்சாஸ் சிட்டி முயன்று ஃபிலடெல்ஃபியாவிடம் 40-22 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது, அன்று இந்த ஊரில் பட்டாசு வெடிக்காத குறை.) ஆனால் நைனர்ஸின் குவார்ட்டர்பேக் மொன்டானா அந்த ஜயன்ட்ஸ் ஆட்டத்திலேயே லெனர்ட் மார்ஷல் பின்னாலிருந்து வந்து மோதியதில் அடிபட்டு வெளியே போய்விட்டார். சூப்பர் பௌலுக்கு வழக்கமாக இரண்டு வாரம் இடைவெளி விடுவார்கள், அந்த வருஷம் ஒரே வாரம். அந்த ஒரு வாரத்தில் அவர் எழுந்து வந்து ஆடியிருப்பார் என்று நான் நம்பவில்லை, அவருக்கு மாற்றாக இருந்த ஸ்டீவ் யங்தான் ஆடியிருப்பார். யங் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் நைனர்ஸ் பந்தை உருட்டி நேரம் கடத்துகிற அணி இல்லை, அவர்களும் எறிகிற ஆட்கள், அப்படியென்றால் கெல்லி கைக்குப் பந்து திரும்பத் திரும்ப வரும்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, ஆதாரம் உண்டு. 1992 செப்டம்பரில் இதே இரண்டு அணியும் சான் பிரான்சிஸ்கோவில் மோதின, யங்கும் கெல்லியும். முன்னேற முடியாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பதற்குப் பன்ட் என்று பெயர், எல்லா ஆட்டத்திலும் அது சர்வசாதாரணம். அன்று இரண்டு பக்கமும் ஒரு பன்ட்கூட இல்லை, லீக் வரலாற்றிலேயே முதல் தடவை. பில்ஸ் 34-31. மொன்டானா பின்னால் கான்சாஸ் சிட்டி போய், 1994 ஜனவரியில் பஃபலோவுக்கு வந்து ப்ளேஆஃப் ஆடினார், அதையும் பில்ஸ் 30-13 என்று ஜெயித்தது. அதனால் என் கணக்கில் அந்த சூப்பர் பௌல் பில்ஸுடையது. வீட்டுக்காரர் 20 புள்ளி வித்தியாசம் என்பார், அது அதிகம், ஏழு என்று வையுங்கள். பில்ஸ் பயந்தது நைனர்ஸைப் பார்த்து, பயப்பட வேண்டியது ஜயன்ட்ஸைப் பார்த்து.

முக்கியமான எச்சரிக்கை: நார்வுட் பெயரை வைத்து ஜோக் அடிக்காதீர்கள். இணையத்தில் எல்லோரும் அடிக்கிறார்கள், நீங்களும் ஒன்றை எடுத்துப் போடத் தோன்றும். தோற்ற மறுநாள் நயாகரா ஸ்கொயரில் அணியை வரவேற்க இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் கூட்டம், ஜனவரிக் குளிரில். எங்கே ஸ்காட், ஸ்காட்டைக் கூப்பிடு என்று கத்தி அவரை மேடைக்கு முன்னால் வரவைத்தார்கள். திட்ட இல்லை. இதை வீட்டுக்காரர் சொன்னபோது நான் அவருக்குச் சேப்பாக்கம் சொன்னேன். 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட், முதுகுவலியோடு சச்சின் 136, அவர் அவுட்டானபோது 17 ரன் வேண்டும், மூணு விக்கெட் கையில், 12 ரன்னில் தோற்றோம். அப்புறம் ஸ்டாண்டில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டினோம். கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன், யார் அந்தக் கடைசி மூணு பேர், அவர்களை அப்புறம் ஊர் என்ன செய்தது என்று கேட்டார். அன்றிலிருந்து ஹீட்டரை இரண்டு டிகிரி ஏற்றினார். வாடகையைக் குறைக்கவில்லை.

இங்கே இருபது வருஷமாக இருக்கிற நம்மவர்கள் பலர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட பில்ஸ் ஆடுகிற ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்துப் பக்கம் போனதில்லை. வீட்டு விலை, அரங்கேற்றம், ஐபிஎல். தப்பில்லை, ஆனால் இந்த ஊரில் தனிமையாக இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். நான் சைவம், ஆட்டத்துக்கு முன்னால் பார்க்கிங்கில் கூடித் தின்கிற டெய்ல்கேட்டில் பச்சைக் கேரட்டும் ப்ளூ சீஸும் தின்றுகொண்டு நிற்கிறேன், ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை. கோழி விங்ஸ் சாப்பிடுகிறவர் என்றால் தொட்டுக்கொள்ள ரான்ச் சாஸ் கேட்காதீர்கள், இங்கே ப்ளூ சீஸ்தான். மடக்கு மேஜை மேல் குதிக்கச் சொன்னால் குதிக்காதீர்கள், அந்தக் கூத்து ஊர்க்காரனோடு போகட்டும், உங்கள் இன்சூரன்ஸ் இன்னும் ஆரம்பித்திருக்காது.

பனியைப் பற்றி ஒன்று மட்டும், ஏனென்றால் இதில் விளையாட முடியாது. கவுண்டியில் வண்டி ஓட்டத் தடை போட்டால் வெளியே போகாதீர்கள், ஆபீஸில் யார் என்ன சொன்னாலும். 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், காருக்குள்ளேயே சிக்கியவர்களும் உண்டு.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி இப்போது டாம்பா பக்கம் இருக்கிறார், இருக்கிற ஊரெல்லாம் விட்டுவிட்டு அங்கே. ஒவ்வொரு ஜனவரியும் பில்ஸ் தோற்ற அன்று போன் வரும். 2022-இல் கான்சாஸ் சிட்டியோடு 13 செகண்டில் கோட்டைவிட்டார்களே, அதற்கப்புறம், சின்சினாட்டியையும் தட்டிவிட்டு ராம்ஸோடு சூப்பர் பௌல் ஆடியிருந்தால் என்று புதுக் கற்பனை ஒன்றை ஆரம்பித்திருக்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை, ராம்ஸின் தடுப்பாட்டக்காரர் ஆரன் டொனால்டை அந்த வருஷ பில்ஸ் தாங்கியிருக்காது. நீங்கள் 1991-ஐயே எழுதுங்கள். யாராவது ஸ்கோர் கேட்டால் பில்ஸ் 31, நைனர்ஸ் 24.