குப்பை மையம் வேண்டாமா? மனுவை மாற்றி எழுதுங்கள்

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள கிரீன் பெல்ட் வயலில் மீள்சுழற்சி மையம் அமைக்கக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. தெருவே சேர்ந்து எதிர்ப்பு மனு தயாரித்திருக்கிறோம். வீட்டு விலை விழும், ஜன்னலில் தெரியும் பசுமை போய்விடும், நாற்றம் வரும், லொறி வரும். இந்தக் குப்பையை வேறு எங்காவது கொண்டுபோகக் கூடாதா? உங்கள் இதழ் எங்களுக்கு ஆதரவு தருமா?
– சர்ரேயிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மனுவின் பிரதியையும் அனுப்பியிருக்கிறீர்கள், வாசித்தேன். மூன்று பக்க மனுவில் முதல் ஒன்றரைப் பக்கம் வீட்டு விலை. அதை அப்படியே கிழித்துப் போடுங்கள். இங்கிலாந்தின் திட்டமிடல் அனுமதியில் அயலவரின் வீட்டு விலைக்கு இடமே கிடையாது. அதிகாரி இரக்கப்பட்டாலும் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. ஜன்னல் காட்சியும் அப்படித்தான். இருநூறு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். தலையெண்ணி முடிவெடுக்க இது தேர்தல் அல்ல. பத்துப் பேர் பத்து விதமான நியாயங்களை எழுதினால் அதற்குத்தான் எடை.

அடுத்தது, ‘இவ்வளவு அழகான வயல்’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கிரீன் பெல்ட் என்பது அழகுக்குக் கொடுத்த பட்டம் அல்ல. லண்டன் வீங்கி அயல் ஊர்களை விழுங்கிவிடாமல் இருக்க 1938இல் ஒரு சட்டம் வந்தது. 1955இல் ஓர் அரசாங்கச் சுற்றறிக்கை அந்த யோசனையை மற்ற நகரங்களுக்கும் கொண்டுபோனது. ஊரும் ஊரும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே வெளி கிடக்க வேண்டும் என்பதே அதன் முக்கிய நோக்கம். காஞ்சோண்டி மண்டிய தரிசு என்றாலும் கிரீன் பெல்ட், கிரீன் பெல்ட்தான். ஆகவே அளவுகளைப் பற்றி எழுதுங்கள். கொட்டகை எத்தனை மீட்டர் உயரம்? லொறி திரும்புவதற்குப் போடும் கொங்கிரீட் தளம் எவ்வளவு? பக்கத்து ஊருக்கும் உங்களுக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் வெளி எவ்வளவு சுருங்கும்?

அந்த நிலத்தில் இப்படியொரு கட்டடம் கேட்டு வருகிறவர், தமக்கு ‘மிக விசேடமான சூழ்நிலை’ இருப்பதாகக் காட்டியாக வேண்டும். நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான், உங்கள் தலையில் அல்ல. கழிவு மையங்களுக்கென்றே 2014 ஒக்ரோபரில் வந்த தேசியக் கொள்கையோ, உள்ளூர்த் திட்டம் வகுக்கும்போது முதலில் கிரீன் பெல்ட்டுக்கு வெளியே இடம் தேடுங்கள் என்று கவுன்சில்களுக்குச் சொல்கிறது. விண்ணப்பக் கோப்பில் மாற்று இடங்களை ஆராய்ந்த அறிக்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எந்தெந்தத் தொழிற்பேட்டைகளை என்ன சாட்டுச் சொல்லித் தள்ளினார்கள் என்று வரி வரியாக வாசியுங்கள். ‘அங்கே வாடகை அதிகம்’ என்பதுதான் சாட்டு என்றால், உங்கள் கையில் பிடி கிடைத்துவிட்டது. அறிக்கையே இல்லையென்றால் இன்னும் நல்லது. உங்கள் மூன்று பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 டிசெம்பரில் கொள்கையைத் திருத்தி ‘கிரே பெல்ட்’ என்று ஒரு புது வகையைக் கொண்டுவந்தார்கள். முன்பே கட்டடம் இருந்த நிலம், ஊர்களைப் பிரித்து வைப்பதில் பெரிய பங்கில்லாத நிலம் எல்லாம் அதற்குள் வரலாம். அந்த வகைக்குள் வந்துவிட்டால் அனுமதி வாங்குவது சுலபமாகலாம் என்பதால், எதிர்த்தரப்பு ஆலோசகர் முதலில் இதைத்தான் கிளறுவார்.

நாற்றம், தூசுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது கவுன்சில் அல்ல, சுற்றாடல் முகவரகம். அங்கும் தனியாக எழுத வேண்டும். லொறிக்கணக்கை மட்டும் கவுன்சிலிடம் கேளுங்கள்.

இனி, உங்கள் ‘வேறு எங்காவது’ என்பதற்கு வருவோம். அப்படி ஓர் இடம் இருந்தது, கொழும்புத் துறைமுகம். 2017 முதல் 2019 வரை இங்கிலாந்திலிருந்து 263 கொள்கலன்கள் அங்கே போய் இறங்கின. மீள்சுழற்சிக்கான பழைய மெத்தை, கம்பளம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். திறந்தபோது வைத்தியசாலைக் கழிவும் கலந்து கிடந்தது. வழக்கு, இழுபறி எல்லாம் தாண்டி 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திரும்பின. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் கப்பல் ஏறியது. நம்முடைய உறவுகள் இருக்கும் தீவுக்கு நம் தெருக் குப்பை போகலாம், நம் வயலுக்கு மட்டும் வரக் கூடாதா?

இங்கேயே புதைக்கலாம் என்றால், 1996இல் தொன்னுக்கு 7 பவுணில் தொடங்கிய வரி 2025 ஏப்ரலில் 126.15 பவுண் ஆகிவிட்டது. கவுன்சில் கட்டும் அந்தக் காசும் உங்கள் கவுன்சில் வரியில்தான் வந்து விடியும். தரம் பிரிக்க ஓர் இடம் வேண்டும். சர்ரேயின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிரீன் பெல்ட். மிச்சக் கால்பங்கில்தான் பெரும்பாலான வீடும் பள்ளிக்கூடமும் கடையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

ஆதரவு கேட்டீர்கள். வீட்டு விலையை நீக்கி, மாற்று இடக் கேள்வியை முதற்பக்கத்தில் வைத்து, எந்த இடமென்றால் சம்மதிப்போம் என்று தெருவே கூடிப் பேசி ஓர் இடத்தையாவது பெயர் சொல்லி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுதாகப் போடுகிறேன். எங்கேயும் வேண்டாம் என்கிற மனுவுக்கு இங்கே இடம் இல்லை. கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாள்தான் தருவார்கள். வேலியில் ஒட்டிய அறிவித்தலில் என்ன திகதி போட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா?